செஸ்ட்நட், புக்கிட் தீமா, உபின்: மலைச் சைக்கிள் பாதைகளுக்கு நாமே நிறம் கொடுப்போமா?

#1 செம்மண்சக்கரம்

சிங்கப்பூரில் மலைச் சைக்கிள் பாதைகள் என்றால் செஸ்ட்நட், புக்கிட் தீமா, உபின் தீவில் கெத்தாம். இந்த மூன்றிலும் ஓட்டுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். ஆனாலும் புதிதாக ஒருவர் வந்து "எனக்கு எது சரிப்படும்?" என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் சொல்கிறோம். ஒருவர் "செஸ்ட்நட் சும்மா பூங்கா மாதிரி" என்கிறார். அதே பாதையைப் பற்றி அடுத்தவர் "ஹார்டெயிலில் போனால் முதுகு போய்விடும்" என்கிறார் (ஹார்டெயில் என்றால் பின்சக்கரத்துக்கு அதிர்வு தாங்கும் சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிள்). இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் வறண்ட பிப்ரவரியில் போயிருப்பார், மற்றவர் டிசம்பர் மழைக்கு மறுநாள் போயிருப்பார்.

பலகைகள் இருக்கின்றன, தெரியும். 2008ல் திறந்த கெத்தாமில் இம்பா (சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம்) முறைப்படி நீலச் சதுரத்தில் தொடங்கி இரட்டைக் கறுப்பு வைரம் வரை நிறம் பிரித்திருக்கிறார்கள். அதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பலகை நட்ட பிறகு எத்தனை பருவமழை வந்து மண்ணை அடித்துக்கொண்டு போயிருக்கிறது! வேர் வெளியே வந்துவிட்டது, கல் தலைதூக்கிவிட்டது. பலகை மட்டும் நட்ட இடத்திலேயே நிற்கிறது.

அதனால் பாதை முழுவதுக்கும் ஒரே நிறம் என்று இல்லாமல், பகுதி பகுதியாக நாமே அளந்து ஒரு பட்டியல் போடலாமா? அடிப்படைக்கு இம்பா அளவுகளையே எடுத்துக்கொள்ளலாம். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பச்சை வட்டம் என்றால் பாதை சுமார் 90 செ.மீ. அகலம் இருக்க வேண்டும், தடை 5 செ.மீ. உயரத்துக்குள் இருக்க வேண்டும். நீலச் சதுரத்தில் அகலம் 60 செ.மீ., தடை 20 செ.மீ. வரை. கறுப்பு வைரத்தில் அகலம் 30, தடை 38, உதிரிக் கற்களும் கிடக்கலாம். இரட்டைக் கறுப்பில் பாதை 15 செ.மீ.க்குக்கூட ஒடுங்கலாம். சராசரிச் சரிவு பச்சைக்கு 5 சதவீதம், நீலத்துக்கு 10, கறுப்புக்கு 15. மூலத்தில் எல்லாம் அங்குலக் கணக்கு, நான் செ.மீ.க்கு மாற்றிக் கிட்டத்தட்ட முழு எண்ணாக்கியிருக்கிறேன். பக்கத்தில் சுற்றிப்போக வழி இருந்தால் அந்தத் தடை கணக்கில் வராது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் அடிக்கலாம். ஒரு பகுதியின் நிறம், சுற்றிப்போக வழியே இல்லாத அதன் மிக மோசமான இடத்தின் நிறம்தான். 2 கிலோமீட்டர் பச்சையாக வந்து நடுவில் 3 மீட்டர் கறுப்பாக இருந்தால் அது கறுப்பு. சராசரி போட்டு நீலம் என்று எழுதக் கூடாது. ஆள் விழுவது சராசரியில் இல்லை, அந்த 3 மீட்டரில். மூச்சு வாங்குவதைச் சேர்க்கக் கூடாது. இம்பாவும் ஓட்டும் நுட்பத்தை மட்டும்தான் பார்க்கச் சொல்கிறது. அப்புறம், ஈரத்துக்குத் தனிக் குறி வேண்டும்: ஈரமானால் ஒரு படி மேலே. வருடத்துக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டுகிற ஊரில் காய்ந்த பாதைக்கு மட்டும் நிறம் கொடுத்து என்ன பயன்?

#2 பிரேக்கில்லாபெருமாள்

அண்ணே, கோபிக்காதீங்க. டேப்பை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய் வேர் வேராக அளந்தால் பார்க்கிறவர்கள் நம்மைச் சந்தேகப்பட மாட்டார்களா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஓட்டத் தெரிந்தவனுக்கு எல்லாம் நீலம், தெரியாதவனுக்கு எல்லாம் கறுப்பு. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் பழைய ஸ்டீல் ஹார்டெயிலில், ஓட்டும்போதே இருக்கையைத் தாழ்த்த உதவும் டிராப்பர் போஸ்ட்கூட இல்லாமல், செஸ்ட்நட் முழுவதையும் காலை ஊன்றாமல் முடிப்பார். 150 மி.மீ. சஸ்பென்ஷன் வைத்திருக்கும் சிலர் அவருக்குப் பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவார்கள். டேப் இதை எப்படிச் சொல்லும்?

இன்னொன்று. இந்த ஊரின் உயரமான குன்றே 163 மீட்டர். இங்கே இரட்டைக் கறுப்பு என்று பலகை வைத்திருப்பதே எனக்குச் சிரிப்பு. கனடாவின் விஸ்லர் மலையில் இதையெல்லாம் நீலம் என்பார்கள் லா.

#3 உபின்படகு

பெருமாள், விஸ்லரில் என்ன நிறமோ எனக்குத் தெரியாது. உபினில் விழுந்தால் படகேறித்தான் கரைக்கு வர வேண்டும். அதற்கு முன் கெத்தாமிலிருந்து படகுத்துறைக்கு அந்த ஆளைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இந்தக் கவலை நிறத்தில் எங்கே வருகிறது?

நான் மாதத்தில் பாதி வாரயிறுதி அங்கேதான் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். கெத்தாமில் சிக்கலே நம்மைப் போன்றவர்களால் இல்லை. படகுத்துறைக்கு வெளியே வாடகைக்கு எடுத்த சைக்கிள். முன்னால் கூடை, பிரேக் ரப்பர் தேய்ந்து இரும்பில் உரசுகிற சத்தம், செருப்புக் கால். இப்படிக் குடும்பமாக உள்ளே வந்துவிடுகிறார்கள். ஒருமுறை இறக்கத்தின் மேல் நின்று பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "தம்பி, வைரம்னா நல்ல பாதைதானே?" நான் சிரிக்கவில்லை. சதுரம், வைரம் எல்லாம் பனிச்சறுக்குத் தளங்களிலிருந்து வந்த குறிகள். பனியையே பார்க்காத ஊரில் ஒருவர் வைரத்தைப் பார்த்து 'உயர்ந்தது' என்று நினைத்தால் அது அவர் குற்றமா?

அதனால் செம்மண் அண்ணே, நிறத்தோடு ஒரு வரி தமிழும் இருக்கட்டும். "இறங்கித் தள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு" என்று எழுதினால் யாருக்கும் புரியும்.

#4 ஆல்ப்ஸ்தம்பி

வணக்கம் அண்ணாமார். நான் சுவிஸில் இருந்து எழுதுகிறேன். சிங்கப்பூரில் மச்சான் குடும்பம் இருப்பதால் வரும்போது செஸ்ட்நட்டில் ஓடியிருக்கிறேன்.

எங்கட பக்கம் நிறத்தைவிட எஸ்0 முதல் எஸ்5 வரையான அளவுகோலைத்தான் கூடக் கதைப்பது. ஜெர்மன் பேசுகிற இடங்களில் எல்லாம் அதுதான் புழக்கம். எஸ்0 தடையே இல்லாத பாதை. எஸ்1இல் சின்ன வேர், கல் வரும். சரிவு 40 சதவீதம் வரை போகலாம். எஸ்2இல் பெரிய வேர், உதிரி மண், படிகள், சரிவு 70 வரை. அதற்கு மேலே எஸ்3, இறுக்கமான கொண்டை ஊசி வளைவுகளோடு. எஸ்4, எஸ்5 எல்லாம் பின்சக்கரத்தைத் தூக்கி வைத்துத் திரும்பத் தெரிந்த ஆட்களுக்கு.

உங்கட இம்பா எண்களையும் இதையும் ஒன்றாக வைத்துப் பாருங்கோ. இம்பாவில் கறுப்புக்குச் சராசரிச் சரிவு 15. எங்களுக்கு 40 என்றாலும் அது எஸ்1. இரண்டும் வேறு வேறு விசயத்தை அளக்கின்றன. இம்பா பாதை கட்டுகிறவரின் கணக்கு: மொத்தப் பாதையின் சராசரி, அகலம், மரப்பாலத்தின் உயரம். எஸ் ஓடுகிறவரின் கணக்கு: அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டி வரும்? நீங்கள் செய்யப் போவது இரண்டாவது வேலை. அதற்கு ஏன் முதலாவது அட்டவணை?

செஸ்ட்நட் காய்ந்திருந்தால் நான் எஸ்1 என்பேன், சில இடம் எஸ்2. நனைந்தால் நான் எண்ணே சொல்லமாட்டேன். எங்கட கிரானைட் பாறை நனைந்தாலும் டயர் ஓரளவு பிடிக்கும். உங்கட செங்களி டயரின் பல் இடுக்கெல்லாம் போய் அடைத்துவிடும். பிறகு நீங்கள் என்ன டயர் போட்டாலும் ஒன்றுதான்.

இன்னொரு விசயம்: ஏற்றமா, இறக்கமா? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இணைய வரைபடத்தில் இறங்குவதற்கு ஒரு எண், ஏறுவதற்கு வேறு எண் என்று தனித்தனியாகப் பதியலாம். ஒரே வேர்ப்படி இறங்கும்போது ஒன்றுமில்லை, ஏறும்போது பத்துப் பேரில் எட்டுப் பேர் கால் வைப்பார்கள்.

#5 புதுசைக்கிள்

எல்லோருக்கும் வணக்கம். குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் பையனுக்குப் 11 வயது. பள்ளி விடுமுறையில் மலைச் சைக்கிள் வேண்டும் என்று நச்சரித்து வாங்கிவிட்டான். நான் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஓட்டியதோடு சரி. மேலே எழுதியிருப்பதை இரண்டு முறை படித்தும், அவனை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நீலம் என்றால் அவனால் முடியுமா, முடியாதா?

#6 செம்மண்சக்கரம்

அக்கா, மன்னிப்பு எல்லாம் எதற்கு? இந்த இழையே உங்களுக்காகத்தான். செஸ்ட்நட்டில் பம்ப் டிராக் இருக்கிறது. முதலில் அங்கே விடுங்கள். பெடல் போடாமல் மேடு பள்ளத்தில் உடம்பை அழுத்தித் தூக்கியே ஒரு சுற்று வரப் பழகிவிட்டான் என்றால் சைக்கிள் அவன் சொல் கேட்கிறது என்று அர்த்தம். அதன்பிறகு பாதை. நீலம் முடியுமா என்ற கேள்விக்குக் கீழே எழுதுவதைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஆல்ப்ஸ்தம்பி சொன்னது நேற்று முழுவதும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மாலையில் செஸ்ட்நட் வடக்குப் பக்கம் போய் ஓர் இடத்தை உட்கார்ந்து அளந்தேன். (பெருமாள், யாரும் சந்தேகப்படவில்லை. ஒரு குரங்கு மட்டும் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தது.)

லேசான இறக்கம். அரை மீட்டர் இடைவெளியில் நான்கு வேர்கள். உயரமான வேர் 11 செ.மீ., மற்றவை அதற்கும் குறைவு. இம்பா அட்டவணையில் வைத்தால் நீலத்துக்குள் தாராளமாக அடங்கும். ஆனால் அங்கே ஆட்கள் விழுகிறார்கள், எல்லோருக்கும் தெரிந்த இடம்தான். ஏன் என்று பார்த்தால், நான்கும் பாதைக்கு நேர்க்குறுக்கே ஓடவில்லை. பாதையோடு 30 டிகிரி அளவுக்குச் சாய்ந்து ஓடுகின்றன. தரையும் பள்ளத்துப் பக்கம் சரிந்திருக்கிறது. மூன்றாவது வேரின் பட்டை டயர் பட்டுப் பட்டு முழுக்க உரிந்து, உள்கட்டை வெளுத்து வழவழவென்று இருக்கிறது. முன்சக்கரம் அதன்மேல் ஏறாது; அதன் ஓரமாகவே பள்ளத்தை நோக்கி வழுக்கிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் முன்பிரேக்கைத் தொட்டால் முடிந்தது.

இதே உயரத்துக்கு ஒரு மரக்கட்டை நேர்க்குறுக்கே கிடந்தால் புதியவர்கூட முன்சக்கரத்தைத் தூக்கி வைத்துப் போய்விடுவார். ஆக உயரம் மட்டும் போதாது. தடை பாதையை வெட்டும் கோணம், தரையின் பக்கச் சரிவு, பட்டை இருக்கிறதா இல்லையா, இந்த மூன்றும் வேண்டும். அட்டவணையில் இவற்றுக்கு இடமே இல்லை.

சரிவை அளக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: கைப்பேசியில் வரும் லெவல் காட்டுவது டிகிரி. 15 சதவீதம் என்பது 8.5 டிகிரிதான், 15 டிகிரி என்றால் கிட்டத்தட்ட 27 சதவீதம். இரண்டையும் குழப்பி எழுதினால் நீலப் பாதை கறுப்பாகிவிடும். ஜிபிஎஸ் உயரத்தையும் நம்ப வேண்டாம், மரக்கூரைக்குக் கீழே அது தன்னிஷ்டத்துக்குத் தாவும். 1 மீட்டர் மரச்சட்டத்தைச் சரியாகக் கிடைமட்டமாகப் பிடித்து, கீழ் முனையிலிருந்து தரைவரை அளந்தால் போதும். 20 செ.மீ. வந்தால் 20 சதவீதம்.

#7 கியாராகாரன்

கோலாலம்பூரிலிருந்து ஒரு குரல். பெருமாளின் விஸ்லர் பேச்சுக்குத்தான் பதில்.

இம்பா வழிகாட்டுதலிலேயே ஒன்று இருக்கிறது: ஒரு பாதையைத் தனியாக வைத்து மதிப்பிடாதே, அந்த வட்டாரத்தின் மற்றப் பாதைகளோடு வைத்துப் பார் என்று. ஆகவே உங்கள் கறுப்பு உங்கள் ஊர்க் கறுப்பு. எங்கள் ஊர் அம்மா "காரம் கொஞ்சம் தூக்கல்" என்று சொன்னால் எங்களுக்குப் புரிகிறது இல்லையா? அதைக் கொண்டுபோய் ஆந்திராக்காரரிடம் அளந்து காட்ட வேண்டியதில்லை.

ஆனால் இதில் ஒரு வம்பும் இருக்கிறது. நான் பழகியது புக்கிட் கியாராவில். ஒருகாலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த குன்று. நம் ஆட்கள் பால் மரம் வெட்டிய இடம். இன்று காடு மாதிரி ஆகிவிட்டது. அங்கே உள்ள பாதைகள் பெரும்பாலும் ஓட்டுகிறவர்களே கையால் வெட்டி, கல் அடுக்கி, தண்ணீர் வடியக் கால்வாய் விட்டு வளர்த்தவை. அங்கே ஓட்டிப் பழகியவன் உங்கள் செஸ்ட்நட்டை நீலம் என்பான். செஸ்ட்நட்டில் பழகியவன் கியாராவின் நீலத்தைக் கறுப்பு என்பான். எல்லை தாண்டி வருகிறவர்கள் இருக்கும்வரை, அதுவும் வாரயிறுதியில் எத்தனை சிங்கப்பூர் கார்கள் கூரையில் சைக்கிளோடு வருகின்றன என்று எனக்குத் தெரியும், 'வட்டாரம்' எங்கே முடிகிறது என்று யாராவது சொல்ல வேண்டும்.

அதனால் நிறம் உள்ளூருக்கு இருக்கட்டும், எஸ் எண் வெளியூர்க்காரருக்கு இருக்கட்டும். இரண்டையும் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

#8 பிரேக்கில்லாபெருமாள்

நிறம், எஸ் எண், கோணம், பக்கச் சரிவு, பட்டை, ஈரம், ஒரு வரித் தமிழ். இதையெல்லாம் படித்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பாதையை எப்போது ஓட்டுவது?

சரி, வேர் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். அந்த மூன்றாவது வேர் எனக்கும் தெரியும். ஆனால் ஈரத்துக்கு ஒரு படி ஏற்றுவது என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்த ஊரில் அப்படிப் பார்த்தால் டிசம்பரில் எல்லாப் பாதையும் கறுப்பு. எல்லாமே கறுப்பு என்றால் பட்டியல் எதற்கு? கொஞ்ச நாளில் ஒருவனும் அதைப் பார்க்க மாட்டான். அபாயப் பலகை அதிகமாக அதிகமாக அதன் மதிப்பு குறையும்.

#9 உபின்படகு

பெருமாள் சொல்வதில் விஷயம் இருக்கிறது, ஆனால் அவர் முடிக்கிற இடத்தில் நான் முடிக்க மாட்டேன்.

ஈரம் எல்லா இடத்திலும் ஒன்றில்லை. கெத்தாமின் திறந்த மேடுகளில் வெயில் நேரடியாக அடிக்கிறது. காலையில் மழை பெய்தாலும் மதியத்துக்கு மேல் செம்மண் இறுகிவிடும், சில இடத்தில் முன்பைவிட நன்றாகவே பிடிக்கும். அதே நாளில் மரத்துக்குக் கீழே போகும் பகுதி மறுநாள் காலையிலும் கசகசவென்று இருக்கும். புக்கிட் தீமாப் பாதை பெரும்பாலும் நிழல்தான். மழை நின்ற பிறகும் இலையிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும், வேர் காயவே காயாது. பாசியும் பிடித்திருக்கும்.

ஆகவே "ஈரமானால் ஒரு படி மேலே" என்று எல்லாவற்றுக்கும் போடுவதற்குப் பதில், "காய எவ்வளவு நேரம்" என்று போடுங்கள். திறந்த மண் என்றால் அரை நாள். நிழல் என்றால் ஒரு நாளுக்கு மேல். அடியில் பாறையா, களியா, வேரா என்று ஒரு சொல். மழை எப்போது பெய்தது என்று ஓட்டப் போகிறவருக்கே தெரியும். மிச்சத்தை அவரே கணக்குப் போட்டுக்கொள்வார். டிசம்பரில் எல்லாம் கறுப்பு என்ற பேச்சே வராது.

மரப்பாலத்தை மறந்துவிடாதீர்கள். நனைந்த பலகை, அதுவும் நீளவாக்கில் அடித்த பலகை இருந்தால், அகலம் 60 செ.மீ. இருந்தாலும் எனக்கு அது கறுப்புதான். குறுக்காக அடித்து மேலே கம்பிவலை போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம்.

#10 ஆல்ப்ஸ்தம்பி

உபின் அண்ணை, அருமை. காயும் நேரம் என்று எழுதுவதை நான் இதுவரை எங்கேயும் பார்த்ததில்லை. நாங்கள் எஸ் எண் சொல்லும்போது காய்ந்த பாதை என்றுதான் வைத்துக்கொள்வது. மிச்சம் அவரவர் பாடு. உங்கட ஊருக்கு அது சரிவராது என்று இப்போது விளங்குது.

நீளப் பலகை பற்றிச் சொன்னதும் வடிவான விசயம். டயர் இடுக்கோடு சேர்ந்து ஓடத் தொடங்கினால் பிறகு திருப்ப ஏலாது.

#11 நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது, நிறுத்த மனமில்லை. இரண்டு விஷயம் மட்டும்.

அனுமதிக்கப்பட்ட பாதைகளை மட்டும் பட்டியலில் சேருங்கள். இயற்கைக் காப்பகத்துக்குள் நடைபாதைகளில் சைக்கிள் ஓட்டுவது விதிமீறல். "நான் ஒருமுறை அந்தப் பக்கம் இறங்கினேன்" என்று வரைபடத்தோடு எழுதினால் பதிவை நீக்குவேன்.

அடுத்து, மோசமான இடத்தைக் கண்டுபிடித்தோம் என்று அந்த வேரை அறுத்துவிடவோ, பக்கத்தில் புதிதாக மிதித்து வழி உண்டாக்கவோ வேண்டாம். ஏற்கெனவே சில இடங்களில் ஒரு வேருக்குப் பயந்து மூன்று வழி உண்டாகி, பாதை சாலை மாதிரி அகலமாகிக் கிடக்கிறது. அந்தப் புது வழிகளில் மண் இளகி, அடுத்த மழையில் அவற்றிலும் வேர் வெளியே வரும்.

#12 கியாராகாரன்

நெறியாளர் சொன்ன இரண்டாவது விஷயத்தில் மதிப்பீட்டுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஆட்கள் சுற்றுவழி மிதிப்பது எப்போது? நீலம் என்று நம்பி உள்ளே வந்தபின் கறுப்பான ஓர் இடத்தில் மாட்டிக்கொள்ளும்போது. முன்னாலேயே தெரிந்திருந்தால் ஒன்று வரமாட்டார்கள், அல்லது இறங்கித் தள்ள மனம் தயாராக இருக்கும். கியாராவில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாதையின் முதல் 20 மீட்டரிலேயே, உள்ளே இருப்பதில் மிகக் கடினமான இடத்துக்குச் சமமான ஒரு படியை வைத்துவிடுவது நல்ல வேலைக்காரர்களின் பழக்கம். அதைத் தாண்ட முடியாதவர் அங்கேயே திரும்பிவிடுவார். அதைவிட நேர்மையான பலகை கிடையாது.

#13 புதுசைக்கிள்

கியாராகாரர் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. எனக்கு வேண்டியது நிறமோ எண்ணோ இல்லை. இந்தப் பாதைக்குள் நுழைந்துவிட்டால் நடுவில் எங்கே வெளியே வரலாம், எந்த இடத்தில் பையனை இறங்கச் சொல்ல வேண்டும், இதுதான். அவன் இறங்க மாட்டேன் என்று அடம்பிடிப்பான். "இங்கே பெரியவர்களும் இறங்குவார்கள்" என்று எழுதி வைத்திருந்தால் காட்டிச் சமாளிக்கலாம்.

போன வாரம் பம்ப் டிராக்கில் விட்டேன். நாள் முழுவதும் அங்கேயே இருந்தான். தூக்கிக்கொண்டு வருவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

#14 பிரேக்கில்லாபெருமாள்

அக்கா, உங்கள் பையனிடம் சொல்லுங்கள்: பிரேக்கில்லாபெருமாளும் அந்த மூன்றாவது வேரில் மழை நாளில் இறங்கித்தான் போவார். பேருக்கு ஏற்ற மாதிரி எப்போதும் நடக்க முடியாது.

செம்மண் அண்ணே, நானும் அளக்க வருகிறேன், ஒரு நிபந்தனையோடு. ஒருவர் நிறம் சொன்னதும் மற்றவர்கள் அதையொட்டியே சொல்வார்கள். அதிலும் ஆண்கள் நாலு பேர் கூடிவிட்டால் "இது நீலம்தான்பா" என்று சொல்வதில் ஒரு கெத்து. ஒருத்தரும் கறுப்பு என்று வாய் திறக்க மாட்டார்கள். அதனால் ஹார்டெயில் ஒருவர், ஃபுல் சஸ்பென்ஷன் ஒருவர், ஓட்டத் தொடங்கி ஆறு மாதம்கூட ஆகாத ஒருவர். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் காட்டாமல் கைப்பேசியில் எழுதிவைத்துவிட்டு, பிறகுதான் பேச வேண்டும். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் சராசரி எடுக்காமல் கடினமான நிறத்தையே போட வேண்டும். முதல் பதிவில் நீங்களே சொன்ன நியாயம்தான் அது.

#15 செம்மண்சக்கரம்

ஒத்துக்கொள்கிறேன். முடிந்தால் நான்காவதாக ஒரு பெண்ணும் வேண்டும். சின்ன ஃபிரேம், குறைந்த எடை, வேறு டயர் அழுத்தம். அந்தப் பக்கச் சரிவில் அனுபவமே வேறு மாதிரி இருக்கும்.

அந்த நான்கு வேர் இடத்துக்கு என் பதிவை மாதிரிக்குப் போடுகிறேன். கிழித்துத் தொங்கவிடுங்கள்:

"வடக்குச் சுற்று, நிழல் இறக்கம். கறுப்பு (எஸ்2). நான்கு வேர், உயரம் 11 செ.மீ. வரை, பாதைக்குச் சாய்வாக ஓடுபவை. தரை வலப்பக்கம் சரிந்தது. மூன்றாவது வேர் பட்டையில்லாதது. சுற்றிப்போக வழியில்லை. காய ஒரு நாளுக்கு மேல். இறங்கித் தள்ள மேல் பக்கம் இடம் உண்டு, பெரியவர்களும் தள்ளுவார்கள்."

உயரத்தை மட்டும் பார்த்தால் நீலம் என்று வருகிற இடத்துக்கு நான் கறுப்பு போட்டிருக்கிறேன். இதற்குத்தான் அடி விழும் என்று எதிர்பார்க்கிறேன்.

#16 உபின்படகு

அடி இல்லை, ஒரு கேள்விதான். காய்ந்த நாளில் அந்த இடத்தை நான் நீலம் என்றுதான் எழுதுவேன். பட்டையில்லாத வேர்கூடக் காய்ந்திருந்தால் பிடிக்கும். "காய ஒரு நாளுக்கு மேல்" என்று எழுதிய பிறகு நிறத்திலும் ஈரத்தைச் சேர்த்துவிட்டீர்களா? அப்படியென்றால் ஒரே ஈரத்தை இரண்டு முறை எண்ணுகிறீர்கள்.

#17 செம்மண்சக்கரம்

இல்லை. காய்ந்த நாளில்தான் அளந்தேன். கறுப்பு போட்டது பக்கச் சரிவுக்கு. தரை தட்டையாக இருந்தால் நீலம் என்று நானும் சொல்வேன். பள்ளத்துப் பக்கம் சரிந்திருக்கும்போது சக்கரம் ஒரு சாண் விலகினாலும் அடுத்த வேரின் முனையில் போய் நிற்கும். திருத்திக்கொள்ள இடம் இல்லை.

#18 உபின்படகு

நான் இன்னும் நீலம்தான். ஞாயிறு காலை ஏழரைக்கு நேரில் பார்த்துவிடுவோம், முந்தைய இரவு மழை இல்லாவிட்டால். பெருமாள் ஹார்டெயிலில் வரட்டும். ஆறு மாதம் ஆகாதவர் யாராவது கை தூக்குங்கள்.

#19 புதுசைக்கிள்

நான் வரலாமா? பையனையும் கூட்டி வருகிறேன். மரச்சட்டத்தை அவன் பிடித்துக்கொள்வான்.

#20 பிரேக்கில்லாபெருமாள்

வாங்க அக்கா. தண்ணீர் இரண்டு புட்டி, ஹெல்மெட், முழங்கால் காப்பு. பையனுக்குக் கையுறையும் போடுங்கள். டயரில் காற்று வீட்டிலேயே அடிக்காதீர்கள், அங்கே வந்து குறைத்துக்கொள்ளலாம் என்று நினைத்து 50 பிஎஸ்ஐயில் வருகிறவர்கள் பிறகு குறைக்க மறந்துவிடுகிறார்கள். நான் பம்ப் கொண்டுவருகிறேன்.